கீழே ஓர் அறை

— இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளு, கப்பி. வெள்ளை அடிச்சும் அங்க போகாத கறை எட்டிப் பாக்குது.

— தள்ளிட்டுத்தானேப்பா இருக்கேன்! நாற்காலில உக்காந்துக்கிட்டு மேற்பார்வை பாக்கறது சுலபம். இந்த அலமாரி ஒரு ஆள் தள்ற சாமானா?

— லிஃப்டையே மாட்டற பொண்ணு, ஒரு மர அலமாரிக்கு இப்படி மூச்சு வாங்கறியே. வெளிய சொல்லிடாத, தொழில் படுத்துடும்.

— லிஃப்டுக்கு மோட்டார் இருக்கு. இதுக்கு நான்தான் மோட்டார். இப்பப் பாருங்க, தெரியுதா?

— கறை தெரியல. கடிகாரமும் பாதிதான் தெரியுது. பிளான் ஆபீஸ்காரர் மணி பாக்கணும்னா அலமாரி இடுக்குல தலையை விடணும்.

— அவர் மணி பாக்க வரல. இந்த வீட்டுப் பின்பக்கம் உங்களுக்கு ஒரு ரூம் கட்டலாமா கூடாதான்னு பாக்க வர்றாரு. ரெண்டு தடவை மனுவைத் திருப்பி அனுப்பிட்டாங்க. 'நேர்ல வந்து பாருங்க சார்'னு அந்த ஆபீஸுக்கு நடையா நடந்து, செருப்பு தேஞ்சு வாங்கின நாள் இது. கிண்டல் பண்ணிக் கெடுத்துடாதீங்க.

— நான் எங்கடி கெடுக்கறேன்? வாயையே திறக்கலையே.

— திறப்பீங்க. உங்களைத் தெரியாதா? சரி, ஒத்திகை பாத்துடுவோம். 'இங்க வெள்ளம் வந்துதா'ன்னு கேப்பாரு. என்ன சொல்வீங்க?

— வந்துது.

— அப்பா!

— சரி, வரல.

— ஐயோ, வரலைன்னும் சொல்லக்கூடாது. ஊருக்கே தெரிஞ்ச விஷயம். 'ஏதோ கொஞ்சம் வந்துது, வந்த வழியே போயிடுச்சு.' அவ்வளவுதான். எங்க, சொல்லுங்க பாப்போம்.

— ஜன்னல் கட்டை நனைய வந்ததுக்குப் பேரு கொஞ்சமா? அப்போ நிறையன்னா மொட்டை மாடியில உக்காந்து மீன் பிடிக்கணும் போல.

— உங்களுக்காகத்தானே இவ்வளவு பாடும்? எனக்கென்ன, நான் மேல போய்க் காலை நீட்டிப் படுத்துக்கப் போறேன்.

— எனக்காகத்தான்னு தெரியுது. அதான் பயமா இருக்கு.

— என்ன பயம்?

— ஒண்ணுமில்ல. கேட்ல ஆள் வந்தாச்சு, போய்த் திற. மூக்கைத் துடைச்சுக்கிட்டுப் போ, ஒரே தூசி.

— வாங்க சார், வாங்க. வழி கண்டுபிடிக்கறது கஷ்டமா இருந்துதா? இவர்தான் எங்க அப்பா. உக்காருங்க சார், டீ போடறேன்.

— வேண்டாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க, பார்வையிட வந்த வீட்டுல தண்ணிகூடக் குடிக்கறதில்ல. வணக்கம் ஐயா. எழுந்திருக்க வேண்டாம்.

— எழுந்திருங்கன்னு சொன்னாலும் முடியாது தம்பி. முழங்கால் ரெண்டும் எனக்கு முன்னாடியே ஓய்வு வாங்கிடுச்சு. இடுப்புக்கு மேலதான் நான் இன்னும் வேலையில இருக்கேன்.

— அப்பாவும் லிஃப்ட் மெக்கானிக்தான் சார். தொழிலை அவர்கிட்டத்தான் கத்துக்கிட்டேன். லிஃப்ட் குழிக்குள்ள இரும்பு ஏணியில ஏறி இறங்கியே முட்டி போச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. அப்புறம் ஒரு படிகூட ஏற முடியல. ஆனா படுக்கை, குளியலறை எல்லாம் மேலதான். கீழ இந்த ஹாலும் சமையக்கட்டும்தான்.

— அப்போ இப்ப ஐயா எப்படி மேல போறாரு?

— என் முதுகுல.

— என்னது?

— ஆமா சார். காலையில முதுகுல வச்சு இறக்குவேன், ராத்திரி முதுகுல வச்சு ஏத்துவேன். நடுவுல நான் வேலைக்குப் போயிடுவேன். கீழ இருந்தா வாசல்ல உக்காந்து நாலு பேரோட பேசிக்கிட்டு இருப்பாரு. வாட்ச் ரிப்பேர்காரர் வருவாரு, தபால்காரர் நிப்பாரு. மேல விட்டுட்டுப் போனா பகல் பூரா கூரையைத்தான் பாக்கணும்.

— இவ முதுகுல போறது நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பட்டன் கிடையாது. நடுவுல நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டா. திட்டிக்கிட்டே ஏறுவா.

— சும்மா இருங்கப்பா. சார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்னிக்கு இவர் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'மேல கொண்டுபோய் அடைச்சிடாத, கப்பி.' வாழ்க்கையில எதையும் வாயைத் திறந்து கேக்காத மனுஷன். எனக்கு அது போதும். கீழ ஒரு ரூம், அதோட ஒரு குளியலறை, அவர் நாற்காலி திரும்பற அளவு கதவு. தப்பா சார்?

— தப்பே இல்லம்மா. என் அப்பாவுக்குன்னா நானும் இதைத்தான் நினைப்பேன். சரி, இந்த அலமாரி எப்பவும் இங்கதான் இருக்குமா?

— எப்பவும் இங்கதான் சார். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லயிருந்து.

— தப்பா எடுத்துக்காதீங்க. தரையில இழுத்த தடம் புதுசா இருக்கு. கடிகாரமும் பின்னாடி மாட்டிக்கிட்டு நிக்குது.

— அது வந்து சார்... பெருக்கறதுக்காக நகர்த்தினேன்.

— நாம ரெண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் நகர்த்தலாமா? நீங்க அந்தப் பக்கம் பிடிங்க.

— அப்பாடா! கடிகாரத்துக்கு விடுதலை. பாத்தியா, நான் வாயே திறக்கல, கப்பி.

— இதுதான் தண்ணி நின்ன உயரமா ஐயா?

— ஏதோ கொஞ்சம் வந்துது தம்பி, வந்த வழியே போயிடுச்சு. சரியா சொல்லிட்டேனாம்மா?

— கடவுளே.

— வந்த வழின்னா எந்த வழி ஐயா? வாசல் வழியாவா?

— வாசல்ல மணல் மூட்டை அடுக்கி வச்சிருந்தோம். இவதான் அடுக்கினா, கோட்டை மாதிரி. மூட்டையில ஒரு சொட்டு கசியல. தண்ணி சமையக்கட்டுச் சாக்கடை ஓட்டை வழியா உள்ள வந்துடுச்சு. நாங்க வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறோம், பின்னாடியிலிருந்து வந்து காலைத் தொடுது.

— அப்பா, அவர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

— கேட்டதுக்குத்தானே சொன்னேன்? எந்த வழின்னாரு.

— ஐயா சொல்றது எனக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்மா. பின்கதவைத் திறக்கறீங்களா? அந்த இடத்தைப் பாக்கலாம்.

— இதோ சார். இந்தச் சுவர்லயிருந்து அந்தக் கொய்யா மரம் வரைக்கும் ரூம். அந்த மூலையில குளியலறை. இந்தப் பக்கம், மாடிச் சுவரை ஒட்டி, சின்னதா ஒரு லிஃப்ட். முதல் மனுவுல லிஃப்ட் இல்ல. 'வெள்ளம் வர்ற இடத்துல கீழ படுக்கை அறைக்கு அனுமதி இல்ல'ன்னு திருப்பினீங்க. சரின்னு ரெண்டாவது மனுவுல லிஃப்ட் போட்டேன். தண்ணி வந்தா அப்பாவை நாற்காலியோட உள்ள தள்ளி, பட்டனை அமுக்கி, மேல. முடிஞ்சது கதை.

— ஆத்துக்கரை எவ்வளவு தூரம் இங்கயிருந்து?

— தூரம்தான் சார். அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னாடி.

— அதுக்கு நடுவுல மேடு எதுவும் கிடையாது, இல்லையா? நீங்க நிக்கற இடம் தெருவை விடத் தாழ்வா இருக்கு. பாருங்க, நேத்து பேஞ்ச மழை இன்னும் உங்க மரத்தடியில நிக்குது.

— அது செடிக்கு ஊத்தின தண்ணி.

— செடிக்கு இவ்வளவு தண்ணியாம்மா?

— சரி, மழைதான். சார், நான் ஒளிச்சு மறைக்கற ஆள் இல்ல. அலமாரி விஷயம் புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். விடுங்க. வெள்ளம் வரும், ஒத்துக்கறேன். என்ன பண்ணினா 'சரி'ன்னு சொல்வீங்க? அதைச் சொல்லுங்க. தரையை உயர்த்தணுமா, உயர்த்தறேன். சாக்கடைக்குத் தண்ணி திரும்பி வராத மாதிரி மூடி போடணுமா, போடறேன். மின்சார ஸ்விட்ச் எல்லாம் தலைக்கு மேல வைக்கணுமா, வைக்கறேன். கேளுங்க சார். எதைக் கேட்டாலும் செய்யறேன்.

— இதெல்லாம் நல்ல யோசனைம்மா. சமையக்கட்டுக்கும் ஹாலுக்கும் நீங்க கட்டாயம் செய்யணும். ஆனா தரையை எவ்வளவு உயர்த்தினாலும், போன தடவை வந்த தண்ணியை விட ஒரு கையளவு அதிகமா வந்தா? ராத்திரியில வந்தா? எங்க வரைபடத்துல உங்க தெரு பூரா நீலத்துல இருக்கு. நீலத்துலயும் அடர் நீலம்.

— நீலம் எனக்குப் பிடிச்ச கலர் சார்.

— எனக்கும்தான். ஆபீஸ் வரைபடத்துல மட்டும் பிடிக்காது. தப்பா எடுத்துக்காதீங்க, நான் இங்க விதியைப் பேசல. தூங்கற இடத்துல இருக்கறவர், யார் உதவியும் இல்லாம, தானா எழுந்து தண்ணிக்கு மேல போக முடியுமா? அந்த ஒரு கேள்விதான். முடியும்னா நான் பேனாவை எடுத்துடுவேன்.

— முடியும். அதுக்குத்தான் லிஃப்ட்!

— கப்பி, கத்தாத. இங்க வரைக்கும் கேக்குது.

— கேக்கட்டும்ப்பா! சார், நான் தெருத்தெருவா ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டறவ. என் அப்பாவுக்கு நான் மாட்டற லிஃப்ட் ஓடாதா?

— ஓடும்மா. கரெண்ட் இருந்தா.

— பாட்டரி வச்சிருக்கேன் சார். மனுவுலயே எழுதியிருக்கேன்.

— எழுதியிருக்கீங்க. பாத்துட்டு நானும் கிட்டத்தட்ட ஒத்துக்கிட்டேன். அப்புறம் வழக்கம் போல அக்கம்பக்கத்துக்கு அறிவிப்பு வச்சோம் இல்லையா? அதைப் பாத்துட்டு ஒருத்தர் ஆபீஸுக்கு போன் பண்ணாங்க.

— யாரு?

— பேர் சொல்றது வழக்கமில்ல. அவங்க ரொம்பத் தெளிவாப் பேசினாங்க. 'இந்தச் சின்ன வீட்டு லிஃப்ட்ல கரெண்ட் போனா, கூண்டைத் தாங்கற எண்ணெயோட வால்வைப் பாட்டரி திறந்து விடும். கூண்டு தன் கனத்துலயே மெல்லக் கீழ இறங்கும். கீழ வந்து கதவைத் திறந்துக்கும். பாட்டரி இறக்கத்தான், ஏத்த முடியாது. வெள்ளம் வந்தா முதல்ல போறது கரெண்ட்தான். அப்போ அது அந்த ஆளை எங்க கொண்டுபோய் விடும்னு யோசிச்சுப் பாருங்க'ன்னாங்க. உண்மையாம்மா?

— வால்வு திறக்கும்... கூண்டு இறங்கும்... இருங்க சார்.

— எனக்கு லிஃப்ட் பத்தித் தெரியாது. நீங்கதான் சொல்லணும். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, இப்பவே அதை அடிச்சிடறேன்.

— தப்பு இல்ல சார்.

— அப்படியா?

— எங்க தொழில்ல அதான் பத்திரம். எது நடந்தாலும் கீழ இறக்கு, கதவைத் திற, ஆளை வெளிய விடு. சேர்ந்த முதல் நாளே அதான் பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். கீழன்னா தரை, தரைன்னா தப்பிச்சாச்சு. கீழயே தண்ணி நின்னா என்னன்னு... என் புத்திக்கு ஏறலையே சார். எத்தனை ராத்திரி உக்காந்து வரைஞ்சேன்!

— வருத்தப்படாதீங்க. எங்க ஆபீஸ்ல படிச்சுப் பாத்த யாருக்குமே தோணல.

— வேற மாதிரி லிஃப்ட் போடறேன். கயித்துல ஓடறது. கரெண்ட் போனாலும் பக்கத்துத் தளத்துல போய் நிக்கற மாதிரி.

— குழி எங்க இருக்கும்?

— கீழதான். எந்த லிஃப்டுக்கும் குழி கீழதான்.

— அங்கதான் முதல்ல தண்ணி நிக்கும், இல்லையா?

— நீங்க இன்னிக்குத் திட்டம் போட்டே வந்திருக்கீங்க சார்.

— இல்லம்மா, சத்தியமா. நான் ஒண்ணு சொல்லட்டுமா? உள்ள வந்து ஐயா முன்னாடியே சொல்றேன். ஐயா, இதைக் கேளுங்க. படுக்கை மேலயே இருக்கட்டும். குளியலறையும் மேலயே. அந்த லிஃப்டை வெள்ளத்துக்குன்னு வைக்காம, தினமும் இறங்கறதுக்குன்னு வைங்க. காலையில இறங்குங்க, சாயங்காலம் ஏறுங்க. வெள்ளம் வர்ற ராத்திரி நீங்க ஏற்கனவே மேல இருப்பீங்க. லிஃப்ட் முழுகினாலும் முழுகட்டும், இரும்புதானே. இப்படி எழுதிக் குடுத்தா நான் இன்னிக்கே 'சரி'ன்னு குறிப்பு வச்சிடறேன்.

— அடடே. தலைகீழாத் திருப்பிட்டாரே! நல்லாத்தானே இருக்கு, கப்பி?

— நல்லா இல்ல. பகல்ல நான் வேலையில இருப்பேன். நீங்க தனியா உள்ள ஏறி, நடுவுல நின்னுட்டா யார் வந்து கதவைத் திறப்பா? கரெண்ட் போனா, கதவுல எதாவது சிக்கினா? தினமும் நான் இதைத்தான் போய்ப் பாக்கறேன். உள்ள மாட்டிக்கிட்டவங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

— அப்போ வெள்ளத்துல அந்த லிஃப்டை நம்புவ, வெயில்ல நம்ப மாட்டியா?

— அப்பா, நீங்க யார் பக்கம்?

— நான் நாற்காலிப் பக்கம். நகர முடியல.

— சிரிக்காதீங்க சார். அவரை மாதிரிதான் உங்களுக்கும் விளையாட்டு. விடிஞ்சா கீழ, இருட்டினா மேலன்னு சொல்றது சுலபம். லிஃப்ட் ரிப்பேர் ஆகற அன்னிக்கு, மழை பேஞ்சு கரெண்ட் இல்லாத வாரத்துல, இவர் மேலயே கிடக்கணும். அடைச்சிடாதன்னாரு. நான் தலையாட்டினேன். அந்த வாக்குல பாதியை நீங்க வெட்டச் சொல்றீங்க, நான் வெட்டணுமா?

— வாக்கை வெட்டச் சொல்லலம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. கீழ படுக்கை அறைன்னு இருக்கற வரைக்கும் என்னால முடியாது. பட்டறைன்னு எழுதுங்க, சாமான் அறைன்னு எழுதுங்க, கண்ணை மூடிக்கிட்டு அனுமதி குடுக்கறேன். மனுஷன் தூங்கற இடம்னா மட்டும் முடியாது.

— சாமான் அறைன்னா குடுப்பீங்களா?

— சாமான் அறைன்னா சாமான் இருக்கணும்.

— கட்டிலும் ஒரு சாமான்தானே?

— இதை நான் கேக்கலம்மா. கேட்டிருந்தா எழுத வேண்டி வரும். நான் கிளம்பறேன். யோசிச்சு ஒரு முடிவுக்கு வாங்க. அடுத்த வாரம் கூட்டத்துல இது கடைசித் தடவையா வரும். ஐயா, உடம்பைப் பாத்துக்கோங்க.

— போயிட்டு வாங்க தம்பி. அடுத்த தடவை தண்ணியாவது குடிக்கணும். சாக்கடை வழியா வர்றது இல்ல, குழாய்த் தண்ணிதான்.

— கேட்டை இழுத்துச் சாத்திட்டுப் போங்க சார்! ...போயிட்டாரு. நல்லா மரியாதையா, நல்லா இனிமையா, கழுத்தை அறுத்துட்டுப் போயிட்டாரு.

— நல்ல பையன்.

— நல்ல பையனா? உங்களை மேல கட்டிப்போடச் சொல்றாரு, நல்ல பையனா? அவர்மேலகூடக் கோபம் இல்லப்பா. போன் பண்ணினதே ஒரு புண்ணியாத்மா, அது யாருன்னு எனக்குத் தெரியணும். பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரரா இருக்குமா? நாம கட்டினா அவர் சமையக்கட்டுல வெளிச்சம் குறையும்னு முணுமுணுத்தாரே.

— பாவம், அவருக்கு லிஃப்ட்ல ஏறவே பயம். படியிலதான் போவாரு.

— அதானே! வால்வு, பாட்டரி, கனத்துல இறங்கறது... கண்ணாடி விக்கறவருக்கு இது எங்க தெரியும்? இது நம்ம தொழில்காரன். செயின்னு கூப்பிடுவோமே, அவனேதான். என்கூட வேலை பாத்துட்டு, எனக்கு மேஸ்திரி வேலை கிடைச்சதுன்னு வயிறெரிஞ்சு போனானே, அந்த செயின்தான். இருங்க, போன் எங்க? இப்பவே கேக்கறேன். என்மேல கோபம்னா என்னைத் திட்டட்டும், என் அப்பா படுக்கையில ஏன் கை வைக்கறான்?

— போனைக் கீழ வை.

— வைக்க மாட்டேன். அவன்கிட்டயே நேரா கேக்கறேன்.

— கப்பி. அவன் இல்ல. வீணா ஒருத்தன் பாவத்தைக் கட்டிக்காத.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? சரி, யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும்! எனக்கு வழி தெரிஞ்சுபோச்சு. சாமான் அறைன்னு எழுதிக் குடுக்கறேன். நம்ம ஸ்பானர், நீங்க எனக்குப் பேரா வச்ச கப்பி, இரும்புக் கயிறு எல்லாத்தையும் ஒரு மூலையில வச்சா சாமான் அறைதானே? பாக்கி இடத்துல கட்டில். எவன் ராத்திரியில வந்து எட்டிப் பாக்கப் போறான்? தெருவுல பாதிப் பேர் இப்படித்தான் கட்டியிருக்காங்க.

— தண்ணி வந்தா?

— நான் பாத்துக்கறேன்.

— என்ன பாத்துப்ப?

— தூக்கிட்டுப் போவேன். இப்ப தினமும் தூக்கலையா? அன்னிக்கும் தூக்குவேன். எத்தனை தடவை கேட்டாலும் இதான் பதில். நாளைக்குக் காலையில அந்த ஆபீஸ் திறக்கறப்போ வாசல்ல முதல் ஆள் நான்தான்.

— சரி. அப்போ ரெண்டாவது ஆள் நான்.

— நீங்களா? எதுக்கு?

— நீ சாமான் அறைன்னு எழுதிக் குடுத்தா, அது சாமான் அறை இல்லன்னு நான் சொல்வேன். போன்ல சொன்னா போதாது போல. நேர்லயே போய்ச் சொல்றேன். வாட்ச் ரிப்பேர்காரர் வண்டியில கூட்டிட்டுப் போவாரு.

— போன்ல... அப்பா. என்ன சொல்றீங்க?

— காதுல விழுந்ததுதான்.

— நீங்களா? நீங்களா போன் பண்ணீங்க?

— நான்தான்.

— இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டேவா? நான் சமையக்கட்டுல உங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருந்தப்பவா?

— நீ வேலைக்குப் போனப்புறம்.

— ஏன்ப்பா? நான் செருப்புத் தேய நடக்கறேன், நீங்க பின்னாடியே அழிச்சிக்கிட்டு வர்றீங்களா? மேல அடைச்சிடாதன்னு சொன்னது நீங்கதானே? அது யாரு, வேற ஆளா?

— நானேதான். வலி மாத்திரை மயக்கம் தெளியாத வாய், ஏதோ சொல்லிடுச்சு. நீ அதைப் பிடிச்சுக்கிட்ட. பிடிச்சா விடமாட்ட, உனக்குப் பிரேக் வச்சு ஆண்டவன் படைக்கல.

— பிடிக்கலன்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?

— சொல்லலையா? முதல் மனு போட்டப்பவே சொன்னேன், கீழ வேணாம்மான்னு. 'நான் பாத்துக்கறேன்'ன்ன. லிஃப்டை வரைஞ்சு காட்டினப்போ சொன்னேன், கரெண்ட் போனா இது இறங்கும்டின்னு. வாய்க்குள்ளயே பென்சிலை வச்சுக்கிட்டு 'நான் பாத்துக்கறேன்ப்பா'ன்ன. காதுலயே போட்டுக்கல. வீட்டுல பேசினா உன் காதுல ஏறாது, ஆபீஸ் வழியாப் பேசினாத்தான் ஏறும்னு தெரிஞ்சுபோச்சு.

— மேல உங்களுக்கு மூச்சு முட்டும். எனக்குத் தெரியாதா?

— முட்டும். முட்டிட்டுப் போகட்டும்.

— வாட்ச் ரிப்பேர்காரரால மாடி ஏற முடியாது. தபால்காரர் மேல வந்து நின்னு பேசப் போறதில்ல. யாருமில்லாமக் கிடப்பீங்க.

— லிஃப்ட் ஓடற அன்னிக்கு இறங்குவேன். ஓடாத அன்னிக்கு ஜன்னல்லயிருந்து கத்துவேன். என் தொண்டைக்கு ஆபரேஷன் பண்ணலையே.

— தண்ணிக்குப் பயந்தா இதெல்லாம்? வராமலே போகலாம்ப்பா. அடுத்த வெள்ளம் எப்பவோ. அதுக்காக இப்ப இருக்கற நாளையெல்லாம் வீணாக்கணுமா?

— போன தடவை நீ எப்போ மேல வந்த, நினைவிருக்கா?

— அது எதுக்கு இப்போ?

— சொல்லு.

— கொஞ்சம் லேட்டா வந்தேன்.

— கொஞ்சமா! அப்போ என் கால் நல்லா இருந்துது. நான் ஏறிட்டேன், மேல் படியில நின்னுக்கிட்டு உன்னைக் கூப்பிடறேன். நீ கீழ நெஞ்சளவு தண்ணியில அலமாரிக் கீழ்த்தட்டுல கையை விட்டுத் துழாவிக்கிட்டு நிக்கற. தொண்டை கிழியக் கத்தறேன், 'இதோ வந்துட்டேன், நான் பாத்துக்கறேன்'ங்கற. எதுக்கு? என் பழைய டூல் பாக்ஸுக்கு.

— அது நான் பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து நீங்க வச்சிருந்தது. அதை எப்படி விட்டுட்டு வர்றது?

— அதான்டி. ஒரு தகரப் பெட்டியை விட்டுட்டு வரத் தெரியல உனக்கு.

— அப்போ உங்களை மட்டும் விட்டுட்டுப் போயிடுவேன்னு நினைக்கறீங்களா? தண்ணி கூரையைத் தொட்டாலும் போக மாட்டேன்ப்பா. உங்களுக்கு என்மேல அவ்வளவுதானா நம்பிக்கை?

— போக மாட்டேன்னு நம்பித்தானடி போன் பண்ணினேன். அந்த ரூம்ல முழுகப்போறது நான் ஒருத்தன் மட்டும்னா, உன் மனுவுல முதல் கையெழுத்தை நானே போட்டிருப்பேன்.